இது கடையில் வாங்கிய கேக் இல்லை

பிள்ளைகளா,

போன தீபாவளியன்று மேல்மாடி வீட்டு வாசலில் உங்கள் அப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்ததைப் பற்றி நீங்கள் இன்னும் பேசிக்கொள்கிறீர்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். பெரியவளுக்கு அது வெட்கம். சின்னவனுக்கு அது ஜோக். யாராவது எங்காவது தரையில் உட்கார்ந்தால் போதும், "டோன்ட் ஸ்டார்ட்லா, அப்பா மாதிரி" என்கிறான். சிரியுங்கள், பரவாயில்லை. அன்றைக்கு நான் செய்ததற்கு எனக்கு வருத்தம் கிடையாது. அப்படி இன்னொரு நாள் வந்தால் இன்னொரு முறையும் உட்காருவேன். ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டு சிரியுங்கள். நேரில் சொன்னால் என் குரல் உயர்ந்துவிடும். அதனால் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள், தமிழ் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டாம்.

நம் வீட்டில் ஆர்டருக்குச் செய்கிற கேக் அம்மாவுடையது. தட்டு என்னுடையது. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ரவையை நெய்யில் ஊறவைப்பது, தயிர் அடிப்பது, பாதாம் தூள் சேர்ப்பது எல்லாம் அம்மா. நான் அதில் கை வைத்தால் கரண்டியால் அடி விழும். ஜூரோங்கில் இருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்துவிட்டு, சமையலறை மேசையில் ஃபாயில் தட்டுகளைப் பரப்பிவைப்பதுதான் என் வேலை. என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, "பகல்ல சரக்கு அடுக்கின பெரிய தட்டுத் தூக்குறீங்க, சாயங்காலம் சின்னத் தட்டாண்ணே?" என்று கிண்டல் செய்தார். "ஆமாய்யா, ரெண்டுமே கவுந்தா நஷ்டம்தான்" என்றேன்.

அந்தச் சின்னத் தட்டை யாரும் லேசாக நினைக்கக்கூடாது. அடுக்கில் இருந்து பிரிக்கும்போதே ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். பிடித்து இழுத்தால் ஓரம் நெளிந்துவிடும். மேசை விளிம்பில் மெதுவாகத் தட்டினால் தானாகப் பிரியும். பிறகு உலர்ந்த துணியால் உள்ளே ஒரு துடை. அப்புறம் மூலைகள். எந்திரம் அழுத்தியதில் மூலையில் மடிப்பு மடிப்பாக இருக்கும், கேக் அந்த மடிப்புக்குள் போய் ஒட்டிக்கொண்டு, வெட்டி எடுக்கும்போது ஃபாயிலும் கூட வரும். அதனால் கரண்டியின் முதுகால் ஒவ்வொரு மூலையையும் தேய்த்துச் சமன் செய்வேன். நெய் தடவி, பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் றெக்கை மாதிரி வெளியே தொங்கும்படி போடுவேன். அந்த றெக்கையைப் பிடித்துத் தூக்கினால் முழுக் கேக்கும் உடையாமல் மேலே வரும்.

கடைசியாக, ஓவன் கூடவே வந்த கனமான இரும்புத் தட்டின் மேல்தான் ஃபாயில் தட்டை வைக்க வேண்டும். ஒருமுறை இது தெரியாமல் ஓரத்தைப் பிடித்து வெறுமனே தூக்கினேன். நடுவில் மடங்கி, மாவு முழுக்க என் கால் மேல். அடியில் தாங்கல் இல்லாமல் எதையும் தூக்கக்கூடாது என்று வேலையிடத்தில் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். அம்மா துடைப்பத்தைக் கையில் கொடுத்தாள்.

சரி, மேல்மாடி அக்காவுக்கு வருகிறேன்.

அவர்கள் குடும்பம் தமிழ்நாட்டில் இருந்து இங்கே வேலைக்கு வந்து குடியேறியது. அவர் வீட்டுக்காரர் தஞ்சோங் பகாரில் ஏதோ ஆபீசில் நல்ல வேலையில் இருக்கிறார். அவர் மகளும் நம் பெரியவளும் ஒரே வகுப்பு. அக்காவை முதன்முதலில் லிஃப்டில்தான் பார்த்தேன். சிரித்த முகம்.

"சொந்த ஊரு எது தம்பி?"

"சிங்கப்பூர்தான்க்கா."

"அது சரி, அப்பாவுக்கு?"

ஜில்லாவைச் சொன்னேன். அங்கே எந்த ஊர் என்றார். சொன்னேன். ஊரில் எந்தத் தெரு என்றார்.

"தெரு எல்லாம் எனக்கு எங்கக்கா தெரியும்? அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்துல மூட்டை தூக்கினாரு. அங்க எல்லாருக்கும் ஒரே வரிசை வீடு."

"ஓ" என்றார். லிஃப்ட் வந்து நின்றது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஊரைப் பற்றிக் கேட்டதே இல்லை.

பிள்ளைகளா, நம் ஆட்கள் நேராக எதையும் கேட்க மாட்டார்கள். ஊர் என்பார்கள், தெரு என்பார்கள், குலதெய்வம் என்பார்கள். கேட்பது சாதியைத்தான். இது உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர மாட்டார்கள். அதனால் நான் சொல்லிவைக்கிறேன்.

அதே அக்காதான் அம்மாவுக்குப் பெரிய வாடிக்கை ஆனார். அவர் வீட்டு விசேஷம், அவர் தோழிகள் வீட்டுப் பிறந்தநாள் என்று ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. முட்டை போடாத சுஜி கேக், அதாவது ரவை கேக். அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒவ்வொரு முறையும் அக்கா மறக்காமல் ஒன்று சொல்வார்: "புது ஃபாயில் தட்டுலயே செஞ்சிடுங்க தம்பி. வீட்டுப் பாத்திரம் வேண்டாம்." நாம் மற்ற கேக்குக்கு முட்டை போடுகிறவர்கள். சைவக்காரர்கள் முட்டை பட்ட பாத்திரம் வேண்டாம் என்பது நியாயம்தானே என்று நினைத்தேன். அவருக்கென்று தனியாகப் பிரித்து, தனித் துணியால் துடைத்து, தனித் தூரிகையால் நெய் தடவினேன். அவர் மனம் கோணக்கூடாது என்று அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

தீபாவளியன்று மதியம் அவர் வீட்டில் ஓப்பன் ஹவுஸ், தெரிந்தவர்கள் எல்லாரும் வந்து சாப்பிட்டுப் போகலாம். நம்மையும் அழைத்திருந்தார். கேக்கும் நம்மிடம்தான் சொல்லியிருந்தார். நீங்கள் இரண்டு பேரும் முன்னாலேயே மேலே ஓடிவிட்டீர்கள். காலையில் நான் தட்டுகளை எடுத்து, ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மேலே இருந்த தட்டில் மயிரிழை மாதிரி ஒரு வெளிச்சம். அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போது கடையில் யாரோ கத்தியை ஆழமாக இறக்கியிருக்கிறார்கள். கிழிசல். ஒரு தட்டு குறைந்தது. கீழ்க்கடையில் சின்ன வட்டத் தட்டுதான் இருந்தது. அது அம்மாவின் அளவுக்கு ஒத்துவராது. சிராங்கூன் ரோட்டுக்குப் போய்வர நேரம் இல்லை.

அம்மா அலமாரியைத் திறந்து ஒரு தட்டை எடுத்தாள். தீபாவளிக்கென்று லிட்டில் இந்தியாவில் வாங்கிய கனமான கேக் தட்டு. விலை ஸ்டிக்கர் கூடப் பிரிக்கவில்லை.

"இதுல ஊத்துங்க."

"அக்கா புதுத் தட்டுதான் கேப்பாங்களே?"

"இதை விடப் புதுசு எங்க இருக்கு? ஸ்டிக்கரைப் பிச்சிட்டு நெய்யைத் தடவுங்க."

தடவினேன். பேப்பர் றெக்கையும் வைத்தேன். அந்தத் தட்டில் வெந்த கேக்தான் அன்றைக்கு எல்லாவற்றிலும் அழகு. ஓரம் நேராக, நிறம் சீராக, மேலே பாதாம் ஒன்று கூட நகராமல். அம்மா கோயிலை வலம் வருகிற மாதிரி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தலைவாரிவிட்டு வருகிறேன், நீங்கள் முதலில் போங்கள் என்றாள்.

நான் ஃபாயில் தட்டுகளை ஒரு கூடையில் போட்டு, கனமான தட்டை மூடி போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு மேலே போனேன். வாசலில் கோலம். உள்ளே நல்ல கூட்டம். அக்கா வந்து கூடையை வாங்கி உள்ளே கொடுத்தார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"அது என்ன தம்பி?"

"இதுவும் உங்க கேக்தான்க்கா. ஃபாயில் ஒண்ணு கிழிஞ்சிருந்துச்சு, அதான் இதுல."

"பரவாயில்ல, பரவாயில்ல. அதை மட்டும் அப்படியே அங்க வெச்சிடுங்களேன்." வாசலுக்கு வெளியே இருந்த ஷூ ரேக்கைக் காட்டினார்.

"ஷூ ரேக்லயா?"

"டேபிள்ல இடம் இல்ல தம்பி."

டேபிள் எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. நடுவில் சின்னவன் சைக்கிளையே நிறுத்தலாம், அவ்வளவு இடம்.

"முட்டை படாத தட்டுக்கா. புத்தம்புதுசு. காலையிலதான் ஸ்டிக்கரைப் பிச்சேன். இங்க பாருங்க, பசை கூட இன்னும் போகல."

அக்கா ஒரு அடி வெளியே வந்து குரலைத் தாழ்த்தினார். "புதுசு பழசுன்னு இல்ல தம்பி. பாத்தா வீட்டுத் தட்டுன்னு தெரியுது."

"வீட்டுத் தட்டுதானேக்கா."

"அதான். எங்க அத்தை ஊர்ல இருந்து வந்திருக்காங்க. கேக்கெல்லாம் கடையில வாங்கினதுன்னுதான் எப்பவும் சொல்லிவெப்பேன். ஃபாயில்ல இருந்தா ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இதைப் பாத்தா எந்த வீட்டுதுன்னு கேப்பாங்க. அப்புறம் என்ன ஆளுங்கன்னு கேப்பாங்க. உங்களுக்குத் தெரியாததா? பழைய ஆளுங்க. நீங்க தப்பா எடுத்துக்கக்கூடாது."

இத்தனை நாளாக நான் தனித் துணி வைத்துத் துடைத்த தட்டு எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. முட்டைக்கு இல்லை. நம் வீட்டின் அடையாளத்தை மறைப்பதற்கு. அம்மா ரவை ஊறவைத்தது, கை வலிக்க மாவு அடித்தது எல்லாம் அந்த மேசையில் பேர் தெரியாத ஏதோ ஒரு கடையின் கணக்கில் போயிருக்கிறது. எத்தனை பேர் சாப்பிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள்! ஒரு வார்த்தையாவது நம் வீட்டுக்குக் கீழே வந்திருக்கிறதா? என்னை என்ன சொன்னாலும் நான் தாங்கிக்கொள்வேன். அம்மாவின் கையை இல்லை என்று சொன்னார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

"அக்கா, மாவு எங்க மாவு. ஓவன் எங்க ஓவன். உள்ள இருக்கிறதும் இதுவும் ஒரே கை செஞ்சது. அது டேபிளுக்குப் போகும், இது செருப்புக்குப் போகுமா?"

"சத்தம் போடாதீங்க தம்பி, ப்ளீஸ். நல்ல நாள்."

"நான் சத்தமே போடல" என்றேன். உண்மையில் போடவில்லை. அந்த வீட்டு வாசலுக்கு நேரே, காரிடாரில், யாருக்கும் வழி அடைக்காமல் உட்கார்ந்தேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டேன். காரிடார் எல்லாருக்கும் பொது. அங்கே உட்கார எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரும் கேட்க முடியாது.

அக்கா உள்ளே ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியம்மா, நாம் மக்சிக் என்று கூப்பிடுகிறவர், கடைக்குப் போகக் கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து, "ஐயோ, ஏன் கீழ உக்காந்து? காலு வலியா?" என்றார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும்.

"இல்ல மக்சிக். என் பெண்டாட்டி செஞ்ச கேக். சாப்பிடுறீங்களா?"

றெக்கையைப் பிடித்துக் கேக்கைத் தூக்கி, மூடியின் மேல் வைத்து, சட்டைப் பையில் கொண்டுவந்த பிளாஸ்டிக் கத்தியால் வெட்டினேன். மக்சிக் நின்றபடியே ஒரு துண்டு வாயில் போட்டார். "செடாப்லா!" என்று, நல்ல ருசி என்பதை மலாயில், காரிடார் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். "உங்க ஒய்ஃபா செஞ்சது? கடை போடச் சொல்லு!" இன்னொரு துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார்.

அந்தச் சத்தத்தில்தான் அக்காவின் மாமியார் வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார்.

"யாருப்பா நீ? ஏன் வெளிய உக்காந்திருக்க?"

"கீழ் வீடும்மா. கேக் கொண்டாந்தேன். என் பெண்டாட்டி செஞ்சது. உள்ள டேபிள்ல நீங்க சாப்பிடுறதும் அவ செஞ்சதுதான். கடையில வாங்கினது இல்ல."

அந்த அம்மா மருமகளைத் திரும்பிப் பார்த்தார். மருமகள் கோலத்தைப் பார்த்தார். "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் உள்ளே போனார். அவர் நெகிழ்ந்து வந்து ஒரு துண்டு கேட்டார் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அப்படி நடக்கவில்லை.

அப்போதுதான் பெரியவள் நீ வந்தாய். முகம் சிவந்திருந்தது. "அப்பா, ஏன் தரையில உக்காந்திருக்கீங்க? ஸோ எம்பாரஸிங்லா! என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பாக்கிறாங்க."

"கேக் வெட்டுறேன்மா. எடுத்துக்கோ."

"உள்ளதான் இருக்கே?"

"இது அம்மாவோட புதுத் தட்டுல செஞ்சது. ஓரம் நல்லா வந்திருக்கு."

நீ முறைத்துக்கொண்டே கை நிறைய எடுத்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் உள்ளே போய், உன் தோழியின் தட்டில் ஒன்று, இன்னொருத்தி தட்டில் ஒன்று என்று வைத்தாய். நான் அதை வாசலில் இருந்து பார்த்தேன். அக்காவும் பார்த்தார். உனக்கு ஒன்றும் தெரியாது. அவர் மகள் ஒரே வாயில் அதை விழுங்கிவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டது எனக்குக் கேட்டது.

லிஃப்ட் திறந்து அம்மா புதுப்புடவையோடு வந்தாள். என்னைத் தரையில் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். "எந்திரிங்க, போலாம்" என்றாள். உங்களைக் கூப்பிட்டுக்கொண்டு இறங்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொன்னேன். ஆர்டர் எல்லாம் போய்விடும் என்று அவள் கோபிப்பாள் என எதிர்பார்த்தேன்.

"எனக்கு ரொம்ப நாளாவே சந்தேகம்" என்றாள். "போன தடவை பாயசம் குடுத்தேன். வாசல்லயே வேற பாத்திரத்துல ஊத்திக்கிட்டு, என் பாத்திரத்தை அங்கயே கையில குடுத்துட்டாங்க. உள்ள எடுத்துட்டே போகல. அதான் இன்னைக்கு அந்தத் தட்டை எடுத்துக் குடுத்தேன். என்னன்னு தெரிஞ்சிடும்ல?"

"தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"ஆமா. ஆனா நீங்க போய் நடுவழியில உக்காருவீங்கன்னு யாரு கண்டா!" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். பிறகு, "சரி, மக்சிக் என்ன சொன்னாங்க? இனிப்பு சரியா இருந்துச்சாமா?" என்றாள்.

ஆர்டர்கள் குறைந்தன. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அக்காவின் தோழிகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். பெரிய ஓவன் வாங்க வேண்டும் என்ற அம்மாவின் ஆசை இன்னும் ஆசையாகவே இருக்கிறது. மக்சிக் தன் பேத்தி பிறந்தநாளுக்குச் சொன்னார். அவர் சொல்லி இன்னும் சிலர் வந்தார்கள். ஃபாயில் தட்டு மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. பாவம், அது என்ன செய்யும்? வசதிக்காகக் கேட்கிறவர்களுக்கு இன்றைக்கும் அதே மாதிரி மூலை தேய்த்து, றெக்கை வைத்துத் தருகிறேன். யார் வீட்டுக் கேக் என்று வாய் திறந்து சொல்கிறவர்களாக இருந்தால் போதும்.

சில வாரம் கழித்து அக்காவிடம் இருந்து மெசேஜ் வந்தது. புது வருஷத்துக்கு இரண்டு சுஜி கேக் வேண்டும், ஃபாயிலில். நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. அம்மா போனை என்னிடம் நீட்டி, "நீங்களே பதில் போடுங்க" என்றாள். நான் அடித்தேன்: "செஞ்சு தர்றோம்க்கா. எங்க வீட்டுத் தட்டுலதான் வரும். தட்டைத் திருப்பித் தரும்போது வெறுமையாத் தரக்கூடாது, நம்ம வழக்கம். ஒரு பிடி சர்க்கரை போட்டுக் குடுத்தா போதும்." அனுப்பும் முன் அம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "சர்க்கரைல எழுத்துப் பிழை இல்ல, அனுப்புங்க" என்றாள். அவர் படித்துவிட்டார் என்பதற்கு இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை அம்மா உங்களை அழைத்துக்கொண்டு செருப்பு வாங்கப் போனாள். நான் மட்டும் வீட்டில் இருந்தேன். சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் பழைய டவலை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் கேக் தட்டைக் கவிழ்த்துவைத்தேன். ஒரு ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டேன். நம் ஆட்கள் பாத்திரக் கடையில் எந்திரத்தால் பேர் வெட்டித் தருவார்கள். எனக்குக் கடைக்காரர் கையெழுத்து வேண்டாம் என்று தோன்றியது. பென்சிலால் அம்மாவின் பேரை எழுதிக்கொண்டு, ஆணியை நிறுத்தி, புள்ளி புள்ளியாக அடிக்க ஆரம்பித்தேன். முதல் எழுத்து கோணலாகத்தான் விழுந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த எழுத்தை அடித்தேன்.